மேட்டுத்தெருவில் ஓர் ஆள் குறைவு

அன்புள்ள கணவருக்கு,

இத்தாலியும், அங்கே நீங்கள் சேர்த்துக்கொண்டவளும் அலுத்துவிட்டதால் ருமேனியாவுக்கே திரும்பி வருவதாக எழுதியிருந்தீர்கள்.

இங்கே மலையேறும் மேட்டுத்தெருவில் பாதி வீடுகள் பூட்டிக் கிடக்கின்றன. இளசுகள் எல்லாம் உங்களைப்போலவே வெளிநாடு போய்விட்டார்கள். போன மாதம் மக்கள்தொகைக் கணக்கெடுக்க வெதூரியா வந்தாள்.

"வீட்டுக்காரர் இன்னும் இத்தாலியிலதானாக்கா?"

"செத்துட்டாரும்மா."

ஊரே கூடிவிட்டது. பாதிரியார் ஜெபித்தார். நான் இறந்தவர்களுக்குச் செய்யும் வழக்கப்படி கோதுமையை வேகவைத்துச் சர்க்கரை தூவி எல்லோருக்கும் கொடுத்தேன். நீங்கள் பூட்டிவைத்திருந்த பிளம் சாராயப் பீப்பாயையும் திறந்துவிட்டேன். "தங்கமான மனுஷன், இப்படிப் போயிட்டானே!" என்று உங்கள் சீட்டாட்டக் கூட்டாளி சோஃப்ரோனி தேம்பித் தேம்பி அழுதான். எனக்குத்தான் சிரிப்பை அடக்க முடியவில்லை.

கல்லறை மேட்டில், ஆற்றைப் பார்த்தபடி, உங்கள் பெயருக்குச் சிலுவையும் நட்டாகிவிட்டது. தாராளமாக வாருங்கள். அதன் கீழே இடம் காலியாகத்தான் இருக்கிறது.

இப்படிக்கு,
உங்கள் விதவை