இந்த வீட்டில் இரண்டு பேர்

நேரளசந்திரம்,
ஓசூர் தாலுக்கா.
வியாழக்கிழமை.

அன்புள்ள எட்சன் மாமாவுக்கு,

உங்கள் மனைவி ஜெபசீலி எழுதுவது. ஆண்டவர் கிருபையில் நான் நலம். நீங்கள் நலமா என்று வழக்கத்துக்காகக் கேட்கவில்லை, நிஜமாகவே கேட்கிறேன். தினமும் போனில் பேசுகிறவளுக்குக் கடிதம் எதற்கு, கிறுக்குப் பிடித்துவிட்டதா என்று சிரிக்காதீர்கள். போனில் சொன்னால் பாதியிலேயே கிண்டல் பண்ணி வேறு பேச்சுக்குப் போய்விடுவீர்கள். அதனால் கம்பெனி கேன்டீனில் உட்கார்ந்து எழுதுகிறேன். எங்கள் கம்பெனி ரேவதி வேலை விஷயமாக நாளைக்கு உங்கள் குஜராத் பிளாண்டுக்கு வருகிறாள், அவள் கையில் கொடுத்தனுப்புகிறேன். இதை வீட்டில் வைத்து எழுதவும் முடியாது, பேசவும் முடியாது. ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

இந்த ஊரில் மனை வாங்கலாமா, எப்போது உண்டான ஊர், எத்தனை குடும்பம், எல்லாம் விசாரித்து எழுது என்றீர்களே, முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். ஊர் உங்களுக்கே தெரியும். வடக்கே சோளக்காட்டைத் தாண்டினால் கர்நாடகா. மொட்டைமாடியின் ஒரு மூலையில் நின்றால் போன் அந்தப் பக்கத்து டவரைப் பிடித்துக்கொள்கிறது. கிழக்கே கல்குவாரி. தெற்கே ஏரி. ஏரியில் பாதியைத் தூர்த்துத்தான் நம் லேஅவுட்டைப் போட்டிருக்கிறார்கள் என்று வீட்டுக்கார சரோஜம்மாள் சொன்னார். வாடகை பேசும்போது இதைச் சொன்னாரா பாருங்கள்! கரைக்கு அந்தப் பக்கம் பழைய ஊர், முப்பது வீடு இருக்கும். வீட்டுக்குள் தெலுங்கு, சந்தைக்குப் போனால் கன்னடம், நம்மைப் பார்த்தால் தமிழ்.

வரலாறு என்றால் ஒன்றுதான். சரோஜம்மாளின் கொள்ளுப்பாட்டன் காலத்தில் கொள்ளைநோய் வந்து பாதி ஊர் போய்விட்டதாம். அன்றிலிருந்து சித்திரை பௌர்ணமியில் மாரம்மாவுக்கு எல்லை கட்டுகிறார்கள். நான்கு மூலையிலும் வேப்பங்குச்சி நட்டு, எல்லைக்குள் இருக்கிற ஆட்களைப் பேர் சொல்லி எண்ணி, இத்தனை தலை என்று மாரம்மாவிடம் ஒப்படைப்பார்கள். அமாவாசையன்று எல்லையை அவிழ்ப்பார்கள். ஒப்படைத்த தலை அதுவரை குறையக் கூடாதாம். லேஅவுட் பழைய ஏரிக்குள் வருவதால் நாமும் அந்தக் கணக்கில் சேர்த்தி. இது எனக்கு அப்போது தெரியாது மாமா. சத்தியமாகத் தெரியாது.

பொங்கல் முடிந்து நீங்கள் கிளம்பும்போது என்ன சொன்னீர்கள்? தனியாக இருக்கிறேன் என்று யாரிடமும் மூச்சு விடாதே, என் சட்டை ஒன்றைக் கொடியில் போடு, செருப்பை வாசலில் விடு, யார் வந்து கேட்டாலும் அவர் உள்ளே தூங்குகிறார் என்று சொல் என்றீர்கள். கேஸ்காரன், கேபிள்காரன் எல்லோரிடமும் அப்படியே சொல்லிக்கொண்டிருந்தேன். எனக்கே சிரிப்பாக இருக்கும். பௌர்ணமியன்று சாயங்காலம் மேளத்தோடு கோவிந்தப்பன் வந்தார். ஊருக்குப் பெரியவர். கையில் ராகி முறம். வீட்டில் எத்தனை பேர் என்றார். நன்கொடைக்கு வந்திருக்கிறார்கள் போல என்று நினைத்து, வழக்கம்போல இரண்டு பேர், அவர் உள்ளே தூங்குகிறார் என்றேன். பேர் கேட்டார், சொன்னேன். அவர் இரண்டு சிட்டிகை ராகி எடுத்துத் தனியாக முடிந்துகொண்டார். மேளக்காரர்கள் உங்கள் பேரைச் சத்தமாகத் திருப்பிச் சொன்னார்கள். எட்சன் என்று அவர்கள் வாயில் கேட்டபோதே எனக்கு என்னவோ போல இருந்தது.

மறுநாள் காலையில் வாசலில் உங்கள் செருப்பு ஈரமாக இருந்தது. அடியில் ஏரிச் சேறு. யாரோ எடுத்துப் போட்டுப் போயிருக்கிறார்கள் என்று திட்டிக்கொண்டே கழுவி வைத்தேன். கொடியில் கிடந்த சட்டையின் காலரில் வியர்வை அழுக்கு. அதையும் துவைத்தேன். அப்புறம் பக்கத்து வீட்டு மணிமேகலை, உங்க வீட்டுக்காரர் அதிகம் பேச மாட்டாரா அக்கா, சாயங்காலமானால் மாடியில் பிடரியில் கையை வைத்துக்கொண்டு ஏரியையே பார்த்துக்கொண்டு நிற்கிறாரே என்றாள். அவள் போன மாதம் குடிவந்தவள். உங்களைப் பார்த்ததே இல்லை. நீங்கள் பிடரியில் கை வைத்து நிற்பது அவளுக்கு எப்படித் தெரியும்?

ஞாயிற்றுக்கிழமை போனில் இடது காலில் ஏதோ குத்துகிறது, டாக்டர் பார்த்தும் ஒன்றுமில்லை என்றார் என்று புலம்பினீர்களே. அன்றைக்கு மறுபடியும் சேறாகியிருந்த செருப்பைக் கழுவும்போது பார்த்தேன். இடது செருப்பில் கருவேல முள் ஒன்று மேல்வரைக்கும் ஏறி நின்றது. இடுக்கி வைத்துப் பிடுங்கிப் போட்டேன். மறுநாள் நீங்களே போன் பண்ணி, வலி போன இடம் தெரியவில்லை என்றீர்கள். உங்கள் ரூமில் இருக்கும் நவீன்குமார் வேறு, அண்ணன் சாயங்காலமானால் கண்ணைத் திறந்தபடியே உட்கார்ந்திருக்கிறார், உலுக்கினால்கூடத் திரும்புவதில்லை அண்ணி என்று எனக்கு மெசேஜ் போட்டிருக்கிறான். அதே சாயங்கால நேரம்தான் இங்கே மாடிப்படியில் காலடிச் சத்தம் கேட்கிறது. இதை ஏன் வீட்டில் வைத்து எழுதவில்லை என்று இப்போது புரிகிறதா?

கோவிந்தப்பனிடம் ஓடினேன். திட்டுவார் என்று பார்த்தால் திட்டவில்லை. சொன்ன தலை இங்கே நிறைந்தாக வேண்டும் அம்மா, ஆள் இல்லை என்றால் இருக்கிற இடத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக வரும் என்றார். அமாவாசைக்குள் முழுவதும் வந்துவிட்டால், அங்கே மிச்சம் இருப்பது வெறும் கூடு என்றார். அதைத் தடுக்க ஒரே வழி, நீங்களே பகல் வெளிச்சத்தில் வந்து மாரம்மா கல்லுக்கு முன்னால் நின்று உங்கள் பங்கு ராகியை உங்கள் கையால் திரும்ப வாங்கிக்கொள்வதுதானாம். நாங்கள் வேதக்காரர்கள் என்றேன். கும்பிடச் சொல்லவில்லை, நின்றால் போதும் என்றார். நம் பாஸ்டர் வீட்டுக்கு வந்து ஜெபம் செய்துவிட்டுப் போனார். போகும்போது, சாரிடமும் ஸ்தோத்திரம் சொல்லுங்கள், மாடியிலேயே நிற்கிறாரே என்றார்.

மனை எல்லாம் வேண்டாம். அட்வான்ஸ் கொடுக்காதீர்கள். வருகிற செவ்வாய்க்கிழமை அமாவாசை. லீவு, லீவு என்று மூன்று முறை தள்ளிப்போட்டீர்கள். இந்த முறை வேலை போனாலும் போகட்டும், ரேவதி டிக்கெட் போட்டுத் தருவாள், பெங்களூர் வரை விமானத்தில் வாருங்கள். வந்ததும் நேராக வீட்டுக்கு வந்து கதவைத் தட்டாதீர்கள். ஏரிக்கரை வேப்பங்குச்சி பக்கத்தில் நின்று போன் பண்ணுங்கள், நானே ஓடி வருகிறேன். கதவு ஏற்கெனவே தட்டப்படுகிறது. முதலில் திறக்காமல்தான் இருந்தேன்.

உங்களிடம் மறைக்க மனசு வரவில்லை. நேற்று ஷிப்ட் முடிந்து வந்தபோது தலை வெடித்துவிடும் போல இருந்தது. காபி போட்டேன். பழக்கத்தில் இரண்டு தம்ளரில் ஊற்றிவிட்டேன். திரும்பிப் பார்த்தால் இரண்டும் காலி. நியாயமாக நான் அலறியிருக்க வேண்டும். அலறவில்லை. தம்ளரைக் கழுவி வைத்துவிட்டு, கம்பெனியில் சூப்பர்வைசர் போட்ட சண்டையைச் சத்தமாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். எதிரே நாற்காலி லேசாகக் கிரீச்சிட்டது. முழுவதையும் பொறுமையாகக் கேட்டது மாமா. நீங்கள்கூட ஒரு நாளும் அப்படிக் கேட்டதில்லை.

கர்த்தர் உங்கள் போக்கையும் வரத்தையும் காக்கட்டும். எனக்குப் பழகிப்போவதற்குள் வந்துவிடுங்கள்.

உங்கள் வரவுக்காக ஏரிக்கரையைப் பார்த்திருக்கும்,
ஜெபசீலி