பார்த்தேன் என்று போட்டவன்

சிலிபின், ஈப்போ
3 மார்ச் 2025

அன்பு மச்சான் தனேஷ்,

கமுந்திங்கில் நீயும் வீட்டாரும் நலமா? இரண்டு வருடமாக உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. கோபித்துக்கொள்ளக்கூட எனக்கு இப்போது தெம்பில்லை.

பிறர் படிக்க முடியாதபடி செய்திகளைப் பூட்டி அனுப்ப நாம் எழுதி இலவசமாக விட்ட மென்பொருளில் ஓட்டை இருக்கிறது. முன்பின் தெரியாத ஒருவர் கண்டுபிடித்து எழுதியிருக்கிறார். சாவி உருவாகும் இடத்தில் சோதனைக்காக நீ வைத்த மாறாத எண்ணை எடுக்க மறந்துவிட்டாய். பத்து வருடமாக எல்லாருடைய பூட்டுக்கும் ஏறக்குறைய ஒரே சாவி.

ஒருவர் எழுதினால் மற்றவர் படித்த பிறகுதான் வெளியே விடுவோம். நீ அதை எனக்கு அனுப்பிய அன்று தைப்பூசம். கல்லுமலைக் கோயில் வரிசையில் தலையில் பால்குடம், ஒரு கையில் கைப்பேசி. நீ எழுதியதுதானே என்று படிக்காமலே 'பார்த்தேன்' என்று போட்டுவிட்டேன்.

திருத்தி முடித்துவிட்டேன். வெள்ளிக்கிழமை அறிவிப்பு விட வேண்டும். இருவர் பெயரிலும் மன்னிப்புக் கேட்போம். சரி என்று ஒரு வரி எழுது.

உன்
கோகிலன்

கமுந்திங்
5 மார்ச் 2025

அன்புள்ள கோகிலன்,

உன் கடிதம் கிடைத்தது. எனக்கு இப்போது வேலையே கணினிப் பாதுகாப்பில்தான். அடுத்த மாதம் பதவி உயர்வு. பெயர் வெளியே வந்தால் எல்லாம் போச்சு. எது நடந்தாலும் பொறுப்பேற்க மாட்டோம் என்று மென்பொருள் உரிமத்திலேயே எழுதித்தானே கொடுத்தோம்? யாரடா நம்மைக் கேட்க முடியும்? என் பெயர் மட்டும் வேண்டாம். கெஞ்சிக் கேட்கிறேன். உடம்பைப் பார்த்துக்கொள்.

தனேஷ்

சிலிபின்
8 மார்ச் 2025

தனேஷ்,

அறிவிப்பு நேற்றுப் போய்விட்டது. என் பெயர் மட்டும்தான். பழைய பதிவுகளைத் தோண்டினால் உன் பெயர் கிடைக்கும். அதை அழிக்கவும் மாட்டேன், காட்டிக்கொடுக்கவும் மாட்டேன்.

உன் ஊர்த் தொழிற்சாலையில் வேலை பார்த்த கலாதேவி அக்காவைப் போய்ப் பார்த்தேன். மேற்பார்வையாளர் மீது பெண்கள் கொடுத்த புகாரை நம் மென்பொருளில்தான் பூட்டித் தொழிற்சங்கத்துக்கு அனுப்பியிருக்கிறார். நிர்வாகம் திறந்து படித்து, அக்காவை வேலையிலிருந்து நீக்கிவிட்டது. ஜனவரியிலேயே அவர் எனக்கு எழுதிக் கேட்டார். பூட்டில் குறையில்லை, உங்கள் ஆட்களில் யாரோ சொல்லியிருப்பார்கள் என்று பதில் போட்டேன். அதை நம்பி, கூட வேலை பார்த்த நவமணியைச் சந்தேகப்பட்டுச் சண்டை போட்டிருக்கிறார்.

உண்மையைச் சொன்னதும் அக்கா திட்டவில்லை. "வேலை வேற தேடிக்கலாம் தம்பி. இருபது வருஷமா கூடவே இருந்தவள, நீதான் காட்டிக் கொடுத்தியான்னு கேட்டுட்டேன் லா" என்றார்.

உரிமத்தில் நாம் எழுதிய வரியை அவரிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

நாளை அக்காவை நவமணி வீட்டுக்கு நானே கூட்டிப் போகிறேன். உன் வீட்டைத் தாண்டித்தான் போக வேண்டும். நிற்க மாட்டேன்.

கோகிலன்