மைனரை நான் அனுப்பவில்லை

அண்ணி,

இன்று காலை நம் சேவல் மைனரின் காலுக்கு மஞ்சளும் தேங்காய் எண்ணெயும் குழைத்துத் தடவினேன். செதில் தூக்கி நிற்கிறது. அவனுக்கும் வயதாகிவிட்டது. அந்த வாடை கையில் ஏறியதும் நீங்கள் பக்கத்தில் வந்து உட்கார்ந்ததுபோல் இருந்தது. "கோழிக்கு வைத்தியம் பாத்துப் பாத்து எம்மேல கொழம்பு வாட வருது புள்ள" என்று சொல்லிச் சேலையை முகர்ந்து பார்ப்பீர்களே, அதே வாடை.

என் புருஷனுக்குத்தான் நீங்கள் அக்கா. அவர் போன பிறகு எனக்கு எல்லாமே நீங்கள். சுங்கை சிப்புட்டில் ரப்பர் மரங்களை அழித்து எண்ணெய்ச் செம்பனை நட்ட பிறகும் நாம் இரண்டு பேரும் தோட்டத்து வீட்டைவிட்டு அசையவில்லை. கொல்லையில் செராமாக் கோழி வளர்த்தோம். உள்ளங்கையில் நிற்கிற கோழி. மைனர் நெஞ்சை நிமிர்த்தினால் தலை பின்னால் போய் முதுகில் இடிக்கும். அந்த உடம்பை வைத்துக்கொண்டு பக்கத்து வீட்டு நாட்டுச் சேவலை வம்புக்கு இழுப்பான்.

"ஒங்க தம்பியேதான் லா அண்ணி. ஒடம்பு இத்துனூண்டு, வாய் மட்டும் வண்டி வண்டியா."

"செத்துப்போனவன ஏன்டி இழுக்குற" என்று விளக்குமாற்றை எடுப்பீர்கள். எடுத்த கையோடு நீங்களே சிரித்துவிடுவீர்கள்.

முட்டி வலி அதிகமானதும் உங்கள் மகன் புந்தோங்கில் இருக்கும் தன் வீட்டுக்கு அழைத்துப் போனார். போகாதீர்கள் என்றேன். இன்றைக்கும் அதையேதான் சொல்வேன். மைனரைக் கூடையில் வைத்து மடியிலேயே கொண்டு போனீர்கள். அங்கே சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகள். விடியுமுன் அவன் கூவினால் பக்கத்து வீட்டில் புகார். ஒரு மாதம்கூட ஆகவில்லை, பிஸ்கட் பெட்டியில் ஓட்டை போட்டு உங்கள் மகனே அவனைத் திரும்பக் கொண்டுவந்தார்.

"அம்மா ஒண்ணும் சொல்லல அத்தை. சும்மாத்தான் இருந்தாங்க" என்றார்.

நீங்கள் சும்மா இருந்தீர்களாம். காப்பியில் சீனி குறைந்தால் தெருவுக்கே கேட்கும்படி பேசுகிறவர் நீங்கள். அந்த மௌனத்துக்குப் பொருள் பெற்ற மகனுக்குப் புரியவில்லை.

அதன்பின் தினமும் ஃபோன். "அவங்கிட்டப் புடி புள்ள, கூவட்டும்" என்பீர்கள். நான் ஃபோனை நீட்டினால் வாயைத் திறக்கமாட்டான். நீங்கள் வைத்ததும் கூவுவான். "ரோசக்காரப் பய. இரு, கால் சரியானதும் நானே வாரேன்" என்று மறுநாள் அவனைத் திட்டுவீர்கள்.

வரவில்லை. ஒரு சனிக்கிழமை விடியற்காலையில் போய்விட்டீர்கள்.

சனிக்கிழமை சாவு என்றால் பாடையில் ஒரு கோழியைக் கட்டி அனுப்ப வேண்டும், இல்லையென்றால் போகிறவர் வீட்டில் இன்னொருவரைத் துணைக்கு அழைத்துக்கொள்வார் என்பது நம் ஆட்களின் நம்பிக்கை. எனக்கும் அந்தப் பயம் உண்டு. உங்கள் மகன் ஃபோன் செய்து, "அத்தை, வரும்போது மைனரத் தூக்கிட்டு வந்துருங்க. அம்மா வளத்ததுதானே, அதுவே போகட்டும்" என்றார்.

நான் வெறுங்கையோடு போய் இறங்கினேன்.

"கோழி எங்க?" என்று வாசலிலேயே கேட்டார்கள்.

"தரமாட்டேன்."

"கைப்பிடி அளவு கோழிக்கு இவ்ளோ பிடிவாதமா லா?" என்றார் உங்கள் சம்பந்தி.

"உசுரோட இருந்தப்ப இந்த வீட்டுல அதுக்கு எடமில்ல. இப்ப பாடையில மட்டும் எடம் வந்துருச்சா?"

உங்கள் மகன் சட்டைப்பையிலிருந்து பணத்தை எடுத்து நீட்டினார். யாரோ மோட்டார்சைக்கிளில் பாசாருக்கு ஓடினார்கள். வெள்ளை பிராய்லர் ஒன்று வந்தது. காலைக் கட்டி உங்கள் பக்கத்தில் வைத்தார்கள். கத்தக்கூட இல்லை. அதற்கு உங்களைத் தெரியாது. உங்களுக்கும் அதைத் தெரியாது. பார்த்துக்கொண்டு நின்றேன் அண்ணி. அங்கேதான் எனக்கு மனசு உடைந்தது, உங்கள் முகத்தைப் பார்த்தபோதுகூட இல்லை.

பதினாறாம் நாள் பந்தியில் ஒருவரும் என்னைச் சாப்பிடக் கூப்பிடவில்லை. நானே இலை போட்டு உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு வந்தேன். கடையில் வாங்கிய கோழியை அனுப்பி உங்களை அநாதையாக்கிவிட்டேன் என்று இன்றும் பேசுகிறார்கள். பேசட்டும். உங்கள் பேரனுக்குக் காய்ச்சல் என்று கேள்விப்பட்டால் மட்டும் நீங்கள் அவனைத் துணைக்கு அழைக்கிறீர்களோ என்று எனக்குப் பயம் வரும். காய்ச்சல் இறங்கியது என்று தெரியும்வரை சோறு இறங்காது. அதை யாரிடமும் சொன்னதில்லை.

போன வாரம் உங்கள் மகன் வந்தார். வீட்டுக்குள் வரவில்லை. கூண்டின் முன்னால் குந்தி உட்கார்ந்து, "இன்னும் இருக்கானா இவன்" என்றார். காப்பி கொடுத்தேன். குடித்தார். கோழியை அவரும் கேட்கவில்லை, நானும் கொடுக்கவில்லை.

மறுபடியும் ஒரு சனிக்கிழமை வந்து நின்றாலும் தரமாட்டேன் என்றுதான் சொல்வேன். ஆனால் நாம் கொல்லையில் உட்கார்ந்து பேசாத பேச்சே கிடையாது. இந்த ஒன்றை மட்டும் நான் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை. அவன் இங்கே இருப்பதா, உங்களோடு வருவதா? கேட்டிருந்தால் நீங்கள் என்னைத் திட்டியிருப்பீர்கள், அது நிச்சயம். கொடு என்று திட்டியிருப்பீர்களா, கொடுக்காதே என்று திட்டியிருப்பீர்களா என்பதுதான் எனக்கு இன்னும் தெரியவில்லை.