தாமதத்துக்குக் காரணம்

பிப்ரவரி 3

அம்மாவுக்கு,

நலமா என்று கேட்டால் நலம் என்றுதான் எழுதுவாய், அதனால் கேட்கவில்லை. போனில் பேசலாம் என்றால் உன் காதுக்கு நான் கத்த வேண்டியிருக்கிறது. கத்தினால் எதிர்வீடு வரைக்கும் என் சங்கதி தெரிந்துவிடுகிறது. அச்சகத்து மெஷின் உன் காதைத் தின்றது போதும், என் தொண்டையாவது மிஞ்சட்டும்.

எனக்கு வயிறு வலிக்கிறது. எட்டாம் மாதத்தில் வலிக்காமல் என்ன செய்யும் என்று நீயும் ஆரம்பிக்காதே, அதைச் சொல்ல இங்கே ஊரே இருக்கிறது. இது பிரசவ வலி மாதிரி விட்டு விட்டு வருவதில்லை. வலது விலாவுக்குக் கீழே பிடித்தால் ஒரு மணி நேரம், இரண்டு மணி நேரம் விடாது. உட்கார முடியாது, நிற்க முடியாது, படுத்தால் மூச்சு முட்டும். பிறகு ஒன்றுமே நடக்காத மாதிரி போய்விடும்.

மூன்று தடவை ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டேன். மூன்று தடவையும் குழந்தையைத்தான் பார்த்தார்கள். "குழந்தை ஜம்முன்னு இருக்கும்மா" என்றார் டாக்டர். "எனக்கு வலிக்குதே டாக்டர்" என்றேன். "குழந்தையோட கால் விலாவுல இடிக்குது, வேற ஒண்ணுமில்ல" என்றார். ரத்தம் எடுத்தார்கள், பிரஷர் பார்த்தார்கள், எல்லாம் சரியாம். கடைசியில் சீட்டில் 'காரணம் தெரியாத வயிற்று வலி' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டார்.

பஸ் டிப்போவில் எட்டு வருடமாக டைம் கீப்பர் வேலை பார்க்கிறேன். வண்டி தாமதமாக உள்ளே வந்தால் 'தாமதத்துக்குக் காரணம்' என்ற கட்டத்தை நிரப்பாமல் எந்த டிரைவரையும் வீட்டுக்கு விட்டதில்லை. 'காரணம் தெரியவில்லை' என்று எவனாவது எழுதிக் கொடுத்தால் அந்தப் படிவம் அவன் கைக்கே திரும்பிப் போகும். இங்கே படித்த மனிதர் எழுதிக் கொடுக்கிறார், நான் வாயை மூடிக்கொண்டு வாங்கி வருகிறேன்.

உன் மாப்பிள்ளை இருக்கிறாரே, லிஃப்ட் மெக்கானிக் புத்தி எங்கே போகும். "சத்தம் வந்த உடனே கழட்டக் கூடாது, எந்த மாடியில வருதுன்னு முதல்ல பாக்கணும்" என்கிறார். நான் என்ன பத்து மாடிக் கட்டடமா? நீயாவது உருப்படியாக ஏதாவது எழுது.

உன் மகள்

பிப்ரவரி 8

சிட்டுக்கு,

கடிதம் கிடைத்தது. எல்லாருக்கும் வருவதுதான். உன்னைச் சுமந்தபோது எனக்கும் இருந்தது. ஒன்றும் ஆகிவிடவில்லை, நீ பிறந்தாய், இதோ எனக்கே பாடம் நடத்துகிறாய். வெதுவெதுப்பான தண்ணீர் குடி. இடது பக்கமாகப் படு. டாக்டரிடம் எதிர்த்துப் பேசாதே, டிப்போ வாயை டிப்போவிலேயே விட்டுவிட்டுப் போ.

குழந்தைக்கு ஆறு சட்டை தைத்துவிட்டேன். ஒன்றில் மட்டும் ஒரு கை குட்டையாகப் போய்விட்டது, பிரித்துத் தைக்கிறேன். மாப்பிள்ளையை நான் கேட்டதாகச் சொல்.

எண்ணெயில் பொரித்தது எதையும் தொடாதே.

அம்மா

பிப்ரவரி 12

அம்மாவுக்கு,

'எனக்கும் இருந்தது.' எங்கே இருந்தது? எந்தப் பக்கம்? எவ்வளவு நேரம்? எப்படிப் போனது? ஒன்றையும் எழுதாமல் சட்டைக் கை குட்டையான கதையை எழுதியிருக்கிறாய். எனக்கு வருகிற எரிச்சலுக்கு அளவே இல்லை.

இந்த வயிற்றைப் பார்த்ததும் வழியில் போகிறவர்களுக்கெல்லாம் டாக்டர் பட்டம் வந்துவிடுகிறது. கேன்டீன் அக்கா வாயு என்கிறாள். டிப்போ மேனேஜர், இரண்டு பிள்ளை பெற்றவர் மாதிரி, "பயம்தாம்மா, முதல் பிள்ளைக்கு அப்படித்தான் இருக்கும்" என்கிறார். நேற்று ஒரு கண்டக்டர் என் நாற்காலி சரியில்லை என்று புது நாற்காலி கொண்டுவந்து போட்டான். அவன் ஒருத்தன்தான் ஏதாவது செய்தான்.

நான்காவது தடவையும் ஆஸ்பத்திரிக்குப் போய் வந்தேன். நர்ஸ் படிவம் நிரப்பும்போது, "உங்க அம்மாவுக்கு ஏதாவது ஆபரேஷன் நடந்திருக்கா?" என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது. "எங்கம்மாவா? தலைவலி மாத்திரைகூடப் போட்டதில்ல. வலது பக்கம் ஒரு பெரிய தழும்பு இருக்கு, அதுகூட அச்சகத்துல தகடு கிழிச்சது" என்றேன். இல்லை என்று எழுதிக்கொண்டார்.

பிரசவத்துக்குக் கடைசி வாரம் வருவதாகப் போன மாதம் சொன்னாய். வந்தால் வா. நீ வருவதாகச் சொன்னால் நான் நாளை எண்ணுவதில்லை, அந்தப் பழக்கம் எனக்கு ஆறு வயதிலேயே போய்விட்டது. இரண்டு நாளில் வருகிறேன் என்று சொல்லிப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு, புது மெஷினுக்குப் பயிற்சி என்று பத்து நாள் போனாயே. என் முன்பல் விழுந்தது. உன்னிடம் காட்டத் தீப்பெட்டியில் போட்டு வைத்திருந்தேன். நீ வந்து சேர்வதற்குள் அதைத் தொலைத்துவிட்டேன். இப்போது எதற்கு இந்தக் கதை என்று கேட்பாய். வலிக்கும்போது இதெல்லாம்தான் ஞாபகம் வருகிறது.

உன் மகள்

பிப்ரவரி 16

சிட்டுக்கு,

சாப்பிட்ட பிறகு வலி வருகிறதா? முதுகுக்குப் போய் வலது தோள்பட்டைக்கு ஏறுகிறதா? வாந்தி உண்டா? கண்ணாடியில் பார், கண்ணில் மஞ்சள் தெரிகிறதா? காய்ச்சல்? ஒன்று விடாமல் உடனே பதில் எழுது.

பழைய கதை இப்போது வேண்டாம்.

அம்மா

பிப்ரவரி 20

அம்மாவுக்கு,

உன் கேள்விகளைத் திரும்பத் திரும்பப் படித்தேன். தோள்பட்டைக்கு ஏறும் என்று உனக்கு எப்படித் தெரியும்? நான் அதை உனக்கு எழுதவே இல்லையே. டாக்டரிடம் சொன்னேன், "பஸ்ஸுல கை தூக்கிப் பிடிச்சிருப்பீங்க" என்றார். நான் பஸ்ஸில் ஏறுவதே இல்லை, வீடு டிப்போவுக்குப் பின்னால்தான் இருக்கிறது.

கண் வெள்ளையாகத்தான் இருக்கிறது. காய்ச்சல் இல்லை. வாந்தி மூன்று முறை. சாப்பிட்ட பிறகா என்று கேட்டிருந்தாய். டிப்போ படிவம் ஒன்றில் வலியைப் பதினெட்டு நாளாக எழுதி வருகிறேன், இதோடு நகல் வைத்திருக்கிறேன் பார். வந்த நேரம், போன நேரம், மொத்தம் பதினான்கு வரி. நீ கேட்ட பிறகு பக்கத்தில் என்ன சாப்பிட்டேன் என்று யோசித்து எழுதினேன். பதினான்கில் பதினொன்று எண்ணெயோ வெண்ணெயோ சாப்பிட்டு ஒரு மணி நேரத்துக்குள் வந்திருக்கிறது. கடைசியில் உள்ள 'காரணம்' கட்டம் மட்டும் பதினான்கு வரியிலும் காலி.

முந்தாநாள் மத்தியானம் குளியலறைத் தரையில் சுவரைப் பிடித்துக்கொண்டு ஒரு மணி ஐம்பது நிமிடம் இருந்தேன். அவர் வேலைக்குப் போயிருந்தார். அம்மா, எனக்குப் பயமாக இருக்கிறது. குழந்தைக்கு ஒன்றும் இல்லை என்று எல்லாரும் சொல்லிவிட்டார்கள். எனக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்றுதான் பயம். அதை வெளியே சொன்னால், இவளெல்லாம் ஒரு தாயா என்பார்கள்.

உனக்கு ஏதோ தெரியும். தெரிந்துகொண்டு சட்டை தைத்துக்கொண்டிருக்கிறாய். இதற்கும் மழுப்பி எழுதினால் உன் அடுத்த கடிதத்தைப் பிரிக்க மாட்டேன்.

உன் மகள்

பிப்ரவரி 24

சிட்டுக்கு,

இது தபாலில் ஊர்ந்து வரக்கூடாது என்று கீழ்வீட்டுப் பெண்ணை விட்டு மாப்பிள்ளைக்கு இன்று காலை போன் செய்யச் சொல்லிவிட்டேன். 'பித்தப்பையை ஸ்கேன் எடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள், அவள் அம்மாவுக்கு அதில் கல் இருந்தது' என்று இரண்டு முறை சொல்ல வைத்தேன். மீதியை நான்தான் எழுத வேண்டும்.

என் தழும்பைத் தகடு கிழிக்கவில்லை. உன்னைச் சுமந்தபோதே எனக்கு இந்த வலி வந்தது. குழந்தையின் கால் என்றார்கள். நீ பிறந்து, நடந்து, பள்ளிக்கூடம் போன பிறகும் குழந்தையின் கால் வலித்துக்கொண்டே இருந்தது. அப்புறம்தான் கல் என்று கண்டுபிடித்து, பையையே எடுத்துவிட்டார்கள்.

பயிற்சி என்று ஒன்றும் இல்லை. அந்தப் பத்து நாளும் ஆஸ்பத்திரியில்தான் கிடந்தேன். இரண்டு நாள் என்றார்கள், புண்ணில் சீழ் வைத்துப் பத்து நாள் இழுத்துவிட்டது.

உன் அப்பா வயிற்று வலி என்று ஆஸ்பத்திரிக்குப் போய்த் திரும்பி வராமல் அப்போது ஏழு மாதம்தான் ஆகியிருந்தது. என்னையும் உள்ளே கொண்டுபோனார்கள் என்று தெரிந்தால் உனக்கு உயிரே போய்விடும் என்று நினைத்தேன். திரும்பி வந்தபோது நீ என் முகத்தைப் பார்க்கவில்லை. கோபம்தானே, பயமில்லையே என்று விட்டுவிட்டேன். வளர்ந்த பிறகு சொல்லியிருக்கலாம். அதற்குள் அந்தக் கோபம் உன்னோடு சேர்ந்தே வளர்ந்துவிட்டது, எனக்கு வாய் வரவில்லை.

உன் முதல் கடிதத்தில் 'வலது விலாவுக்குக் கீழே' என்று படித்தபோதே இது அதுதானோ என்று தோன்றிவிட்டது. இருக்காது, இருக்கக் கூடாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அந்த மூன்று வாரமும் நீ பட்ட பாடு என்னால் பட்டது.

தீப்பெட்டி விஷயம் எனக்குத் தெரியாது.

அம்மா

மார்ச் 1

அம்மாவுக்கு,

ஸ்கேன் எடுத்தார்கள். குழந்தையை விட்டு அந்தக் கருவியை நாலு விரல் மேலே நகர்த்தினார்கள், அவ்வளவுதான் வேலை. கடலை அளவில் மூன்று கல். டாக்டர் என்னைப் பார்த்து, "அம்மாவுக்கு இருந்ததுன்னு முதல்லயே சொல்லியிருக்கலாமே" என்கிறார்! இந்த ஒரு தடவை டிப்போ வாயைத் திறந்துவிட்டேன், மன்னித்துக்கொள். வராந்தாவில் இருந்தவர்களெல்லாம் எட்டிப் பார்த்தார்கள்.

குழந்தைக்கு ஒன்றுமில்லை. எண்ணெய் கூடாது, கண் மஞ்சளானாலோ காய்ச்சல் வந்தாலோ உடனே வர வேண்டும், இல்லையென்றால் பிரசவம் ஆன பிறகு ஆபரேஷன். இப்போதெல்லாம் சின்ன ஓட்டைகள்தானாம். உன் மாதிரி பெரிய தழும்பு கிடைக்காது.

உன் கடிதம் நேற்று வந்தது. படித்துவிட்டு உன்மேல் வந்த கோபத்தில் அழுதேன். ஆறு வயதுப் பெண்ணிடம் பொய் சொன்னது சரி, புரிகிறது. முப்பது வயதுக்காரி தரையில் சுருண்டு கிடக்கும்போது மூன்று வாரம் யோசித்தாய் பார், அது ஆறவில்லை. அப்புறம், சீழ் வைத்த புண்ணோடு வந்தவள் முகத்தைத் திருப்பிக்கொண்டவளும் நான்தானே. அதை நினைத்தாலும் ஆறவில்லை.

படிவத்தில் பதினான்கு வரிக்கும் காரணம் எழுதி முடித்துவிட்டேன். கீழே ஒரு வரி இடம் இருந்தது, அதில் உன்னை எழுதியிருக்கிறேன். தாமதம்: இருபத்து நான்கு வருடம். காரணக் கட்டத்தை நான் தொடவில்லை. எங்கள் டிப்போவில் காரணம் தபாலில் வந்தால் செல்லாது, ஓட்டி வந்தவர் என் மேஜைக்கு முன்னால் நின்று சொல்லிக் கையெழுத்துப் போட வேண்டும்.

கடைசி வாரம் எல்லாம் வேண்டாம். சனிக்கிழமை காலை ரயிலில் வா, அவர் ஸ்டேஷனுக்கு வருவார். கை குட்டையான சட்டையைப் பிரித்துவிடாதே, அப்படியே கொண்டு வா.

நாளை எண்ணிக்கொண்டிருக்கிறேன்.

சிட்டு