உன் வீட்டில் இருக்கும் என் பாத்திரம்

அன்புத் தங்கச்சிக்கு,

என் மக்ரோனிப் பாத்திரம் உன்னிடம்தானே இருக்கிறது? தீவிரவாதிகள் வைத்த குண்டில் பட்டாளத்திலிருந்த உன் மகன் வெஸ்லி போனானே, அவன் அடக்கத்தன்று துக்க வீட்டுக்கென்று மக்ரோனி செய்து கொண்டுவந்தது. உன் கையில் கொடுப்பதற்குள், "உங்க கட்சி அதிபர் கோழை. அப்பவே அடிச்சிருந்தா பையன் பொழச்சிருப்பான்" என்றேன். "பாத்திரத்த வச்சிட்டுப் போண்ணே" என்றாய். அவ்வளவுதான், அதோடு நம் பேச்சு நின்றது.

இப்போது எங்கள் கட்சி அதிபர் வந்து, அந்தத் தீவிரவாதிகளை அடித்தார். பதிலுக்கு அவர்கள் வைத்த குண்டில் பட்டாளத்திலிருந்த எதிர்வீட்டு ஹார்லனின் மகன் போய்விட்டான். கடையில் யாரோ அதிபரைத் திட்டினார்கள். "சண்டைன்னா நாலு பேர் சாகத்தான் செய்வாங்க" என்றேன். திரும்பினால், பால் கேனோடு ஹார்லன்.

அவன் வீட்டுக்கு மக்ரோனி கொண்டுபோக வேண்டும். இங்கே வேறு பாத்திரம் இல்லாமல் இல்லை. ஆனாலும் அதை வாங்க ஓஹாயோவிலிருந்து வண்டியை எடுத்துக்கொண்டு வரட்டுமா? வாசலிலேயே நிற்கிறேன். வாயைத் திறக்க மாட்டேன்.

உன் அண்ணன்