முனியப்பசாமிக்காக ஒரு மனு

ஃபஹாஹீல், 4.2.2025

அன்புள்ள சோலையப்பா,

இங்கே நலம். உன் முழங்கால் வலி எப்படி? வாத்தியார் வேலையை விட்ட பிறகும் பர் துபாயில் மகள் வீட்டில் சரித்திரப் புத்தகமும் கையுமாக இருக்கிறாயாமே. போனில் பேசினால் ரூம் முழுக்கக் கேட்கும், அதனால்தான் மெயில்.

எங்கள் தொழிலாளர் கேம்ப்பில் ஐயப்பன் என்ற முதுகுளத்தூர்க்காரன் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் ஒரு கல்லை நட்டு, முனியப்பசாமி என்று கும்பிடுகிறான். மூன்று வருடமாகிறது. போன மாதம் சைட்டில் சாரம் சரிந்தது. அடியில் நின்ற ஐயப்பன் உட்பட ஏழு பேருக்கும் ஒரு சிராய்ப்புகூட இல்லை. அதிலிருந்து கேம்ப்பே அந்தக் கல் முன்னால்தான் நிற்கிறது. கேம்ப்புக்குப் பொறுப்பான கேம்ப் பாஸ் நான்தான்; ஆனாலும் பார்க்காத மாதிரி நடக்கிறேன். இருபதாம் தேதி புது மேனேஜர் சோதனைக்கு வருகிறார். கண்டால் ஐயப்பன் வேலை போய்விடும். இரண்டு பெண்பிள்ளைகள் அவனுக்கு. என்ன செய்வது?

உன்,
கலீலுர் ரஹ்மான்

பர் துபாய், 6.2.2025

அன்புள்ள கலீல்,

முழங்கால் என் பேச்சைக் கேட்பதில்லை, போகட்டும். ஓர் உதாரணம் சொல்கிறேன். பழைய சீனாவில், சோங் மன்னர்கள் காலத்தில், ஊருக்கு ஊர் இப்படி ஒரு சாமி. மழை தந்தது, நோய் தீர்த்தது என்று ஊரார் மனு எழுதுவார்கள். பக்கத்து மாவட்ட அதிகாரி வந்து சாட்சிகளை விசாரிப்பார். உண்மை என்று பட்டால் அரசரே சாமிக்குப் பட்டமும் பெயர்ப்பலகையும் தருவார். அப்புறம் யார் கை வைப்பார்கள்?

நீயும் முந்திக்கொள். ஆபீசுக்கு மனு எழுது. ஏழு பேரும் கையெழுத்துப் போடட்டும்.

அன்புடன்,
சோலையப்பன்

ஃபஹாஹீல், 13.2.2025

சோலை,

எழுதிக் கொடுத்துவிட்டேன். முதல் கையெழுத்து ஐயப்பன். "பாய், நம்ம சாமிக்கும் பட்டம் வந்துருச்சுன்னா, மேனேஜரே செருப்பைக் கழட்டிட்டுத்தான் வரணும்" என்று சிரிக்கிறான். இன்று ஆபீஸிலிருந்து ஒரே ஒரு கேள்வி வந்தது: 'முதலில் கையெழுத்துப் போட்டது யார்?'

உன் சீனாவில் பட்டம் கிடைக்காத சாமிகளை என்ன செய்தார்கள்? அதை நீ எழுதவில்லையே.

கலீல்

பர் துபாய், 13.2.2025

கலீல்,

இடித்தார்கள். ஒரே ஆண்டில் தலைநகரில் மட்டும் ஆயிரத்துக்கு மேல். பூசாரிகளுக்கு அடியும் உண்டு. எனக்குத் தெரியும். அதைச் சொன்னால் நீ பயந்துவிடுவாய் என்று விட்டுவிட்டேன். நல்ல பாதியை மட்டும் எழுதினேன். இப்போதே மனுவைத் திரும்பக் கேள். யோசனை என்னுடையது என்று சொல். உடனே பதில் போடு.

சோலையப்பன்

ஃபஹாஹீல், 21.2.2025

சோலையப்பா,

திரும்பக் கேட்டேன். "கலாஸ் பாய், முடிஞ்சது, பேப்பர் மேலே போயாச்சு" என்றார்கள்.

இதற்கு முன் வந்துபோன இரண்டு மேனேஜர்களும் அந்தக் கல்லைப் பார்த்தவர்கள்தான். பார்க்காத மாதிரியே போனார்கள். எழுதிக் கொடுத்த பிறகு யாரும் அப்படிப் போக முடியாது. இது எனக்கே தெரிந்திருக்க வேண்டும்.

சோதனைக்கு முன்பே ஆபீஸ் உத்தரவு வந்துவிட்டது; கல்லை நானே பெயர்த்தேன். துண்டில் சுற்றி ஐயப்பன் பெட்டியில் வைத்தேன். அவனுக்கு விசா கேன்சல். மற்ற ஆறு பேரையும் வேறு வேறு கேம்ப்புக்கு மாற்றிவிட்டார்கள்.

நேற்று விமான நிலையத்தில் கேட்டான்: "அந்த யோசனை சொன்ன உங்க சிநேகிதர் யாரு பாய்? முகந்தெரியாத ஆளுக்கு இம்புட்டு மெனக்கெட்டிருக்காரு." உன் பெயரைச் சொல்லவில்லை. சொன்னால், நன்றி சொல்லி உனக்கு எழுதிவிடுவான்.

கொஞ்ச நாள் எனக்கு எழுதாதே.

கலீலுர் ரஹ்மான்