வெட்டிப்போட்ட மைனஸ் இரண்டு

அன்பு மகன் சிஜினுக்கு அம்மா எழுதுவது. ஆண்டவர் கிருபையால் நானும் அப்பாவும் இங்கே நல்ல சுகம், நீ அங்கே மஸ்கட் வெயிலில் வாடாமல், நேரத்துக்குச் சாப்பிட்டு சுகமாக இருக்க மாதாவை வேண்டிக்கொள்கிறேன். தடைக்காலம் முடிந்து வள்ளங்கள் கடலுக்குப் போகத் தொடங்கிவிட்டன, அப்பா வலையில் நல்ல சாளை மீன் பாடு, ஒரு வாரமாக வீட்டில் மரச்சீனிக் கிழங்கும் சாளைக்குழம்பும்தான். போனில் சொன்னால் நீ சிரித்தே என்னைப் பேசவிடமாட்டாய், அதனால் இந்தச் சங்கதியை எழுதி, லீவு முடிந்து மஸ்கட் திரும்பும் ஏசுஅடிமை மாமா கையில் கொடுத்துவிடுகிறேன்.

பிளஸ் ஒன் டெஸ்டில் ஒரு லாக் கணக்கு கேட்டிருந்தேன். அடிமானம் இரண்டு, லாக் (2 − x) கூட்டல் லாக் (−x) சமம் 3. இருபடிச் சமன்பாடாக்கினால் 4, −2 என்று இரண்டு விடை வரும். லாக்குக்குள் மைனஸ் போகாது, அதனால் மைனஸ் விடையை வெட்டு என்று இருபத்தாறு வருஷமாகச் சொல்லி வருகிறேன், வகுப்பில் மற்ற நாற்பத்தொரு பிள்ளைகளும் அப்படியே வெட்டி 4 என்று எழுதியிருந்தார்கள். அப்பாவோடு வள்ளத்துக்குப் போகும் சகாயத்தின் மகள் அஜிஷா மட்டும் 4-ஐ வெட்டி −2 என்று எழுதியிருந்தாள். நான் சிவப்பு மையில் குறுக்கே ஒரு கோடு போட்டு, ஐந்துக்குச் சுழி போட்டு, பாடத்தைக் கவனி என்று வேறு எழுதிவைத்தேன். திங்கட்கிழமை அந்தப் பிள்ளை காமர்ஸ் குரூப்புக்கு மாற விண்ணப்பம் எழுதி என் கையெழுத்துக்குக் கொண்டு வந்தாள். ஏன் என்று கேட்டால், 'போட்டுப் பாத்தேன் டீச்சர், மைனஸ் ரெண்டுதான் சரியா வருது, நீங்க தப்புன்னு போட்டிருக்கிய, எனக்குக் கணக்கு ஆவாது' என்றாள். பேனாவை எடுத்த கையோடு நானும் போட்டுப் பார்த்தேன். −2 போட்டால் லாக் 4 கூட்டல் லாக் 2, இரண்டும் ஒன்றும் மூன்று, சுத்தமாக வருகிறது. நான் டிக் அடித்த 4-ஐப் போட்டால்தான் லாக்குக்குள் மைனஸ் வருகிறது. ஆனாலும் என் தப்பு என்று ஒத்துக்கொள்ள மனம் வரவில்லை மக்கா, விண்ணப்பம் இங்கே இருக்கட்டும், நாளை பார்ப்போம் என்று அவளை அனுப்பிவிட்டேன். வீட்டில் சோறு இறங்கவில்லை. அப்பா, 'ஏட்டி, எம்மேலதான் தப்புன்னு அந்தப் பிள்ளைகிட்ட சொல்லிரு, சோறு தன்னால எறங்கும்' என்றார்.

மறுநாள் அந்தக் கணக்கைப் போர்டில் நான் சொல்லிக்கொடுத்தபடியே போட்டு, மேலே மரியபுஷ்பம் டீச்சர் என்று பெயரும் எழுதி, சிவப்புச் சாக்பீஸை அஜிஷாவிடம் கொடுத்துத் திருத்தச் சொன்னேன். முதலில் தயங்கினாள், பிறகு ஒவ்வொரு வரிக்கும் டிக் போட்டு வந்து, கடைசியில் 4-ஐத் தப்பென்று வட்டம் போட்டு, ஐந்துக்கு மூன்று கொடுத்தாள். வகுப்பே கூத்தாடியது. 'எங்க மார்க்க கொறச்சிராதிய டீச்சர்' என்று சுதீஷ் வேறு. தப்பு என்னுடையது, யாருக்கும் குறைக்கமாட்டேன் என்றேன். அஜிஷாவுக்கு முழு மார்க் போட்டு, விண்ணப்பத்தை என்ன செய்ய என்று கேட்டேன். வாங்கிக் கிழித்துக் குப்பையில் போட்டுவிட்டு இடத்தில் போய் உட்கார்ந்தாள்.

எனக்குச் சந்தோஷம்தான், ஆனால் அன்றிலிருந்து உன் ஞாபகமாகவே இருக்கிறது. என் வகுப்பில் படித்தபோது நீயும் ஒரு நாள், எல்லா மைனஸையும் ஏன் வெட்டணும் என்று கேட்டாய். சொன்னதைச் செய்யிலே என்று மண்டையில் குட்டினேன். அதற்குப் பிறகு நீ என்னிடம் கணக்கில் எதுவும் கேட்டதே இல்லை. அம்மாவை மன்னித்துவிடு மக்கா.

முந்திரிக்கொத்தும் நெத்திலிக் கருவாடும் கொடுத்துவிட்டிருக்கிறேன், கருவாட்டைத் தனி டப்பாவில் வை. சனிக்கிழமை தவறாமல் கூப்பிடு. ஆண்டவர் உன் கூடவே இருப்பார். நான் சொல்வது எதுவும் சரியில்லை என்று பட்டால் இனிமேல் கேள், குட்டமாட்டேன்.

உன் நன்மைக்காகத் தினமும் செபிக்கும்
அம்மா மரியபுஷ்பம்